சர்ச் அடுப்பும் சர்க்கார் காசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பல மாநிலங்களில் கவர்னர் அலுவலகத்தை ஒட்டியோ, ஏதாவது ஒரு துறைக்குள் ஒண்டியோ ஒரு சின்னப் பிரிவு இயங்குகிறது. தொண்டு நிறுவனங்களையும், சர்ச், கோயில், மசூதி, யூத ஆலயம் சார்ந்த சேவை அமைப்புகளையும் அரசோடு சேர்ந்து வேலை செய்ய வைப்பதும், அதற்கு அவற்றைத் தயார்ப்படுத்துவதும் அதன் வேலை. நான் அங்கே ஒரு கோயில் கமிட்டியில் சில வருடங்கள் வரவு செலவு பார்த்தவன். அதனால் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

அரசையும் மதத்தையும் பிரித்து வைத்த நாடாயிற்றே அமெரிக்கா? அங்கே எப்படி இது?

பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு மருந்து கொடுப்பதையும் பசித்தவனுக்குச் சோறு போடுவதையும் மதம் என்று அங்கே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 1899-லேயே ஒரு வழக்கு வந்தது. வாஷிங்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருத்துவமனைக்கு அரசுப் பணத்தில் ஒரு கட்டடம் கட்டித் தரலாமா என்பது கேள்வி. மருத்துவமனை சட்டப்படி பதிவான ஒரு நிறுவனம், அதன் வேலை வைத்தியம், நடத்துகிறவர்கள் கன்னியாஸ்திரிகள் என்பதால் மட்டும் அது மத நிறுவனம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு கத்தோலிக்க, லூத்தரன், யூத சேவை அமைப்புகள் பல பத்தாண்டுகளாக அரசு ஒப்பந்தங்களில் வேலை செய்து வந்தன. அநாதைக் குழந்தைகள், முதியோர், அகதிகள் என்று எல்லாவற்றிலும் அவர்கள் இருந்தார்கள். ஆனால் நடைமுறையில் அதற்கென்று தனி நிறுவனம் பதிவு செய்து, மதச் சாயலை ஓரளவு மறைத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. மூலையில் இருக்கும் சின்ன சர்ச்சால் அதெல்லாம் முடியாது. அந்த நிலைமையை மாற்றத்தான் 1996-ல் சட்டம் வந்தது.

1996-ல் என்ன நடந்தது?

அந்த ஆகஸ்டில் பில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் ஒரு பிரிவு நுழைந்தது. மிசௌரி செனட்டர் ஜான் ஆஷ்கிராஃப்ட் முன்னின்று சேர்த்தது. சுருக்கமாக அது சொன்னது இதுதான்: நலத்திட்டச் சேவைகளை வெளியாருக்குக் கொடுக்கும் மாநிலம் மத அமைப்புகளை மதத்தைக் காட்டி ஒதுக்கக்கூடாது. பணம் வாங்குவதற்காக அந்த அமைப்பு சுவரிலிருக்கும் சிலுவையையோ படத்தையோ கழற்றவும் வேண்டாம். ஆனால் உதவி கேட்டு வருகிறவரிடம் மத பேதம் பார்க்கக்கூடாது.

சட்டம் வந்துவிட்டது, சரி. மாநிலங்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டெக்சாஸில் அப்போது கவர்னராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்தான் அதே வருடம் உத்தரவு போட்டுத் துறைகளை முடுக்கிவிட்டார். (அமெரிக்காவில் கவர்னர் என்றால் ஓட்டு வாங்கி வருகிறவர், நம் ஊர் முதலமைச்சர் மாதிரி. ராஜ்பவன் கவர்னரை நினைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வரும்.) அவர் ஜனாதிபதியானதும் 2001 ஜனவரி 29 அன்று, பதவியேற்று பத்தே நாளில், வெள்ளை மாளிகையில் இதற்கென்று ஒரு அலுவலகம் திறந்தார். நீதி, கல்வி, தொழிலாளர், சுகாதாரம், வீட்டுவசதி ஆகிய 5 துறைகளில் தனி மையங்களும் வந்தன. அதைப் பார்த்து மாநிலங்களும் ஒவ்வொன்றாக ஆள் போட ஆரம்பித்தன. சில வருடங்களில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதற்கென ஒரு தொடர்பு அலுவலராவது இருந்தார்.

இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர்கள் யார்? பாதிரியார்களா?

பெரும்பாலும் இல்லை. வெள்ளை மாளிகை அலுவலகத்தின் முதல் இயக்குநர் ஜான் டியூலியோ பென்சில்வேனியா பல்கலைக்கழக அரசியல் அறிவியல் பேராசிரியர். கத்தோலிக்கர், அதிலும் ஜனநாயகக் கட்சிக்காரர். குடியரசுக் கட்சி ஜனாதிபதியிடம் வேலைக்கு வந்து, ஏழெட்டு மாதத்தில் 2001 ஆகஸ்டிலேயே விலகினார். அடுத்து வந்த ஜிம் டோவி பல வருடங்கள் அன்னை தெரசாவுக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர். அதற்கு முன்பே ஃப்ளோரிடா மாநிலத்தின் சுகாதார நலத் துறையை நடத்திய அனுபவமும் அவருக்கு உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அன்னை தெரசா பெயர் இல்லை, அந்த மாநிலத் துறை அனுபவம்தான். டெண்டர் எப்படி வருகிறது, பில் எங்கே தேங்குகிறது என்று தெரியாதவர் இந்த நாற்காலியில் பேச்சாளராகத்தான் இருக்க முடியும்.

ஒபாமா 2009 பிப்ரவரியில் இதை மூடிவிடுவார் என்று பலர் நினைத்தார்கள். அவர் பெயரை மட்டும் மாற்றி, 26 வயது ஜோஷுவா டுபாய்ஸை நியமித்தார். 2013-ல் மெலிசா ராஜர்ஸ் வந்தார். மதச் சுதந்திரச் சட்டத்தில் கரைகண்டவர். பைடன் 2021-ல் அவரையே மறுபடி கூப்பிட்டார். டிரம்ப் 2018-ல் வேறு பெயரில் ஒன்றை அமைத்தார். 2025 பிப்ரவரியில் மறுபடி பெயர் மாறி, பாலா வைட் என்ற பிரசங்கியார் அதில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஆக, 5 ஆட்சி, 4 ஜனாதிபதி, நாலைந்து பெயர்ப்பலகை. அலுவலகம் மட்டும் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது.

அதெல்லாம் வாஷிங்டன் கதை. மாநிலத்தில் இருப்பவர் காலையில் வந்து என்ன செய்கிறார்?

ஓஹையோவை எடுத்துக்கொள்ளலாம். கவர்னர் பாப் டாஃப்ட் காலத்தில், 2003-ல், சட்டத்திலேயே இந்த அலுவலகத்தை எழுதிவிட்டார்கள். சட்டம் அதற்குக் கொடுத்த வேலைகளைப் படித்தால் ஆச்சரியமாகச் சாதாரணமாக இருக்கும்: எங்கே என்ன நிதி இருக்கிறது என்ற தகவலைத் திரட்டி வைப்பது, அமைப்புகளை விண்ணப்பிக்கச் சொல்வது, துறைகளுக்கும் அவற்றுக்கும் நடுவே ஆளாக இருப்பது, எது தடையாக இருக்கிறது என்று கவர்னருக்கும் சட்டமன்றத்துக்கும் எடுத்துச் சொல்வது. சட்டத்தில் இருப்பதால் கவர்னர் மாறினாலும் அலுவலகம் மாறுவதில்லை. கட்சி மாறியும் நீடித்தது.

டெக்சாஸ் வேறு வழியில் போனது. 2004-ல் ரிக் பெரி கவர்னராக இருந்தபோது ஒன்ஸ்டார் என்று ஒரு அறக்கட்டளையை அமைத்தார்கள். மாநிலத்தின் கைப்பிள்ளை, ஆனால் தனியாகப் பதிவான தொண்டு நிறுவனம். அதனால் தனியார் நன்கொடையும் வாங்க முடிகிறது. 2017-ல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது டெல் குடும்ப அறக்கட்டளையோடு சேர்ந்து 10 கோடி டாலருக்கு மேல் மீட்பு நிதி திரட்டியது இந்த வழியில்தான். அரசுத் துறைக்கு யாரும் அப்படி செக் எழுதிக் கொடுப்பதில்லை.

அதோடு 2009-ல் டெக்சாஸ் சட்டமன்றம் இன்னொன்றும் செய்தது. சுகாதாரம், சிறை, வேலைவாய்ப்பு என்று குறிப்பிட்ட துறைகள் ஒவ்வொன்றும் தன் ஊழியர் ஒருவரைச் சமய, சமூக அமைப்புகளுக்கான தொடர்பு அலுவலராக நியமிக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் ஒரே குழுவாகக் கூடிப் பேசவும் வேண்டும். இந்தக் கூடிப் பேசுதலை லேசாக நினைக்கக்கூடாது. சிறையிலிருந்து வெளியே வருகிறவருக்கு ஒரு சர்ச் தங்க இடம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் தந்தது சிறைத் துறையின் சம்பந்தம், அவருக்குத் தொழில் பயிற்சி வேலைவாய்ப்புத் துறை, போதை சிகிச்சை சுகாதாரத் துறை. அந்த பாஸ்டர் மூன்று அலுவலகப் படியேற வேண்டும், மூன்று விண்ணப்பத்தில் ஒரே தகவலை மூன்று விதமாக எழுத வேண்டும். மூன்று துறை ஆட்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் அதில் பாதி குறையும்.

ஃப்ளோரிடாவில் 25 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவைச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். குழுக்களைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. போட்டோ நன்றாக வரும்.

“வலுப்படுத்துவது” என்கிறார்களே, பணம் கொடுப்பதா?

இங்கேதான் எல்லோருக்கும் தப்பாகப் புரிகிறது. மாநில அலுவலகத்தின் கையில் பொதுவாகப் பெரிய பணம் இருப்பதில்லை. பணம் துறைகளிடம் இருக்கிறது. இந்த அலுவலகம் கற்றுக்கொடுப்பது அந்தப் பணத்தைக் கேட்கவும், வாங்கினால் கணக்குக் காட்டவும்.

பயிற்சிக்கென்றே சில நிதிகள் வந்ததும் உண்டு. 2002-ல் 3 கோடி டாலரில் கம்பாஷன் கேபிடல் ஃபண்ட் தொடங்கியது. மத்திய அரசு நடுவில் இருக்கும் ஒரு பெரிய அமைப்புக்குக் கொடுக்கும், அது சின்ன அமைப்புகளுக்குப் பயிற்சியும் சிறு தொகையும் கொடுக்கும். 2009 பொருளாதார மீட்புச் சட்டத்தில் 5 கோடி டாலர் ஒருமுறை வந்தது. அதில் ஒரு பங்கு நேராக மாநில, உள்ளாட்சி, பழங்குடி அரசுகளுக்கு, அவர்கள் பகுதித் தொண்டு நிறுவனங்களைத் தயார்ப்படுத்துவதற்காக.

தயார்ப்படுத்துவது என்றால் என்ன என்று கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் வாரம் ஒருநாள் அரிசி, டப்பா உணவு விநியோகம் நடக்கிறது. வரிசையில் நிற்பவர்களின் பெயர் ஒரு நோட்டில். சாமான் வாங்கிய ரசீது ஒரு பிஸ்கட் டப்பாவில். வேன் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் காசு பாஸ்டரின் சொந்த கிரெடிட் கார்டில். இருபது வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடுகிறது. அரசு கிராண்ட் வந்த அன்று இந்த ஏற்பாடு முழுக்கத் தப்பாகிவிடுகிறது. கிராண்ட் பணத்துக்குத் தனிக் கணக்கு, ஒவ்வொரு ஊழியரும் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்று டைம்ஷீட், மூன்று கடையில் விலை கேட்டதற்கு ஆதாரம், போர்டு கூட்டத்தின் மினிட்ஸ், எல்லாம் கேட்பார்கள்.

இதைவிடக் கொடுமை, பல கிராண்டுகளில் பணம் முன்னால் வராது. நீங்கள் செலவு செய்து, ரசீது அனுப்பி, அவர்கள் சரிபார்த்து, அப்புறம்தான் வரும். இரண்டு மூன்று மாதம் கையிலிருந்து சம்பளம் போட முடியாத அமைப்பு கிராண்ட் கிடைத்ததாலேயே திண்டாடும். மதமா அரசா என்று டிவியில் விவாதம் நடந்துகொண்டிருக்க, சின்ன அமைப்புகளை வாசலிலேயே நிறுத்துவது இந்த இரண்டு மாதச் சம்பளம்தான் என்பது என் அனுபவம்.

அரசுப் பணத்தில் பிரார்த்தனை, பைபிள் வகுப்பு நடத்தலாமா?

நேரடி கிராண்ட் பணத்தில் கூடாது. வழிபாடு, மத போதனை, மதமாற்றப் பேச்சு இவற்றை அந்தச் சேவையிலிருந்து நேரத்தாலோ இடத்தாலோ பிரிக்க வேண்டும். வருகிறவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. பத்து மணிக்கு உணவு விநியோகம் முடிந்து, பதினொன்றுக்குப் பக்கத்து அறையில் ஜெபக் கூட்டம், விருப்பமிருந்தால் வாருங்கள் என்றால் சரி. ஜெபத்தில் உட்கார்ந்தால்தான் அரிசி என்றால் தப்பு. “முதலில் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு ஆரம்பிப்போமே” என்று வரிசையைப் பார்த்துச் சொல்வதுதான் ரொம்ப சகஜமாக நடக்கும் மீறல். கெட்ட எண்ணம் இருக்காது, பழக்கம்.

வவுச்சர் வந்தால் கதை மாறும். அரசு பயனாளியிடம் சீட்டைக் கொடுத்து, அவரே இஷ்டப்பட்டு ஒரு மத அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அது அவர் முடிவு, அரசின் முடிவல்ல. ஓஹையோவின் கிளீவ்லேண்ட் பள்ளி வவுச்சர் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் இந்த வழியை ஒத்துக்கொண்டது. 2004-ல் போதை மீட்புக்கு 14 மாநிலங்களுக்கும் ஒரு பழங்குடி அமைப்புக்கும் கொடுத்த நிதி இந்த வவுச்சர் வழியில்தான் போனது.

மத அமைப்பு வேண்டாம் என்று பயனாளி சொன்னால் வேறிடம் காட்ட வேண்டும் என்று ஒபாமா 2010-ல் விதி போட்டார், டிரம்ப் 2018-ல் எடுத்தார். இப்படி ஆட்சிக்கு ஆட்சி மாறும் பகுதி இது. பழைய கையேட்டை நம்பி உட்காரக்கூடாது.

வழக்கு வரவில்லையா?

வராமலா? இரண்டைச் சொன்னால் போதும், இரண்டும் மாநில அரசு எடுத்த முடிவுகள்தான்.

முதலாவது அயோவா. நியூட்டன் என்ற ஊரிலுள்ள சிறையில் இன்னர்சேஞ்ச் என்ற கிறிஸ்தவச் சீர்திருத்தத் திட்டம் நடந்தது. நடத்தியது பிரிசன் ஃபெல்லோஷிப் என்ற கிறிஸ்தவ அமைப்பு, மாநிலமும் அதற்குப் பணம் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் சேர்ந்த கைதிகளுக்குக் கிடைத்த இடம் முன்பு நன்னடத்தைக் கைதிகளுக்கான பகுதி: கம்பிக் கதவுக்குப் பதில் மரக்கதவு, அதன் சாவி கைதியிடமே, மறைப்புள்ள கழிப்பறை. வேறு மதக் கைதிக்கு அந்த மரக்கதவு வேண்டுமென்றால் முழுநாள் கிறிஸ்தவப் பாடத்தில் உட்கார வேண்டும். 2006 ஜூனில் நீதிபதி ராபர்ட் பிராட் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்து, வாங்கிய சுமார் 15 லட்சம் டாலரையும் திருப்பித் தரச் சொன்னார். 2007 டிசம்பரில் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். அதில் ஒருவர் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற சாண்ட்ரா டே ஓகானர். விரோதம்தான் என்று உறுதி செய்தார்கள், தீர்ப்புக்கு முன்பு வாங்கிய பணத்தை மட்டும் திருப்ப வேண்டாம் என்றார்கள்.

இரண்டாவது மிசௌரி, இது நேர் எதிர். கொலம்பியா ஊரில் ஒரு லூத்தரன் சர்ச் குழந்தைகள் பள்ளி நடத்தியது. விளையாடும் இடத்தில் கூழாங்கல். விழுந்தால் முட்டி பெயரும். பழைய டயரை அரைத்து ரப்பர் தரை போட மாநில அரசு மானியம் தந்துகொண்டிருந்தது. 2012-ல் விண்ணப்பித்தார்கள். 44 விண்ணப்பங்களில் ஐந்தாவது இடம், 14 பேருக்கு மானியம். இவர்களுக்கு மட்டும் இல்லை, சர்ச் என்பதால். 2017-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று மாநிலம் செய்தது தப்பு எனச் சொல்லிவிட்டது.

முதல் வழக்கு வந்த காலத்தில் மாநில அலுவலர்களுக்கு இருந்த பயம் “கொடுத்தால் வழக்கு வருமோ”. டயர் வழக்குக்குப் பிறகு “கொடுக்காவிட்டால் வழக்கு வருமோ”. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இது பெரிய மாற்றம்.

மத அமைப்பு தன் மதக்காரரை மட்டுமே வேலைக்கு வைக்கலாமா?

1964-ம் வருட சிவில் உரிமைச் சட்டத்தில் மத அமைப்புகளுக்கு அந்த விலக்கு இருக்கிறது. அரசுப் பணத்தில் சம்பளம் போடும்போதும் அது செல்லுமா என்பதுதான் தீராத சண்டை. சில திட்டங்களின் சட்டமே கூடாது என்கிறது, சில மாநிலச் சட்டங்களும் தடுக்கின்றன. மத அமைப்புகளுக்கு அரசு நிதியின் கதவை இன்னும் அகலமாகத் திறக்க 2001-ல் புஷ் கொண்டுவந்த மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டில் படுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் எல்லாமே ஜனாதிபதி உத்தரவுகளாக ஓடின.

இதனால் பலன் இருக்கிறதா?

ஒரு ஆய்வைச் சொல்கிறேன், அதிலேயே விஷயம் தெரியும். டெக்சாஸில் 1997-ல் தொடங்கிய இன்னர்சேஞ்ச் திட்டத்தை 2003-ல் ஆராய்ந்தார்கள். திட்டத்தை முழுதாக முடித்தவர்களில் மறுபடி சிறைக்கு வந்தவர்கள் 8 சதவீதம், ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களில் 20 சதவீதம். பெரிய வெற்றி என்று செய்தி வந்தது. ஆனால் முடித்தவர்கள் 75 பேர்தான், சேர்ந்தவர்கள் 177. சேர்ந்த எல்லோரையும் கூட்டினால் 24 சதவீதம் பேர் திரும்ப உள்ளே. ஒப்பீட்டுக் குழுவைவிடச் சற்று மோசம். வெளியே வந்து வேலையில் நிலைத்தவர்களை “முடித்தவர்கள்” என்று எண்ணினால் அவர்கள் நன்றாகத்தானே இருப்பார்கள்? பாஸான பையன்களை மட்டும் எண்ணி “எங்கள் பள்ளியில் நூறு சதவீதத் தேர்ச்சி” என்று பேனர் கட்டும் பள்ளிகள் நமக்குத் தெரியாததா?

மத அமைப்பு என்பதாலேயே சேவை உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. மத அமைப்புக்கு என்ன இருக்கிறது என்றால், இடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வருகிற ஆள் இருக்கிறது, புயல் அடித்த மறுநாள் காலையில் சமையலறை தயார். ஹார்வி புயலில் பல சர்ச்சுகள் நிவாரண முகாம்களாக இருந்தன. ஆனால் வெள்ளத்தில் சேதமான சர்ச் கட்டடத்துக்கு மத்திய பேரிடர் நிதி கிடையாது என்றது விதி. மூன்று டெக்சாஸ் சர்ச்சுகள் வழக்குப் போட்டன. 2018 ஜனவரியில் விதி மாறியது. மாற்றத்துக்குக் காட்டிய காரணம் அந்த டயர் வழக்கின் தீர்ப்பு.

ஓட்டுக்காகச் செய்கிறார்கள் என்கிறார்களே?

இல்லை என்று சொல்ல மாட்டேன். புஷ் அலுவலகத்தில் துணைப் பொறுப்பில் இருந்த டேவிட் குவோவே பிறகு வெளியே வந்து, தேர்தலில் வாக்குறுதி கொடுத்த பணத்தில் சொற்பம்தான் வந்தது, அலுவலகத்தை அரசியலுக்குப் பயன்படுத்தினார்கள் என்று எழுதினார்.

சமீபத்தில் ஃப்ளோரிடாவில் ஹோப் ஃப்ளோரிடா. கவர்னரின் மனைவி 2021-ல் தொடங்கிவைத்த திட்டம். உதவி கேட்டு வருகிறவரை அரசு ஊழியர் ஒருவர் பக்கத்து சர்ச், தொண்டு அமைப்புகளோடு இணைத்துவிடுவார். யோசனை நல்ல யோசனை. ஆனால் 2024-ல், மாநில மருத்துவ உதவித் திட்டத்தின் ஒப்பந்த நிறுவனம் ஒன்று கட்டிய 6.7 கோடி டாலர் சமரசத் தொகையில் 1 கோடி அந்தத் திட்டத்தின் அறக்கட்டளைக்குப் போனது. அங்கிருந்து 50 லட்சம் வீதம் இரண்டு அமைப்புகளுக்கு. அவை பெரும்பகுதியை கஞ்சா சட்டபூர்வமாக்கலை எதிர்த்த ஒரு அரசியல் குழுவுக்குக் கொடுத்தன. 2025-ல் சட்டமன்றக் குழு தோண்ட ஆரம்பித்தது. திட்டத்தில் தப்பே நடக்கவில்லை என்பது கவர்னர் தரப்பு வாதம். எப்படியிருந்தாலும், அரசின் கையும் அறக்கட்டளையின் பையும் ஒட்டியிருக்கும் எந்த ஏற்பாட்டிலும் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும்.

நம் ஊர் இந்து சமய அறநிலையத் துறை மாதிரியா இது?

இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் 1959-ம் வருடச் சட்டப்படி கோயில் நிர்வாகத்துக்குள்ளேயே அரசு இருக்கிறது. செயல் அலுவலர், உண்டியல் எண்ணிக்கை, நில வாடகை எல்லாம் துறையின் கண்ணில். அமெரிக்க மாநிலத்தால் ஒரு கோயிலுக்கு அறங்காவலரை நியமிக்க முடியாது, உண்டியல் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. நீங்கள் கிராண்ட் வாங்கினால் அந்த கிராண்ட் கணக்கை மட்டும் பார்ப்பார்கள். இதற்காகவே அதைத் தனி வங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது. அர்ச்சனை டிக்கெட் வருமானமும் கிராண்டும் ஒன்றாகக் கலந்தால், ஆடிட்டர் வந்து அர்ச்சனைக் கணக்கையும் புரட்டுவார்.

அமெரிக்காவில் இருக்கும் நம் கோயில்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் என்ன?

நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு 1977-ல் கும்பாபிஷேகம் நடந்தபோது இப்படி ஒரு கதவு இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. இன்று பல கோயில்கள் தட்டியிருப்பது ஒரே ஒரு கதவைத்தான்: பாதுகாப்பு மானியம். 2005-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். 2012-ல் விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு இந்தியச் சமூகம் இதைக் கவனிக்க ஆரம்பித்தது. கேமரா, வேலி, வாசலில் வண்டி மோதாமல் தடுக்கும் தூண், கண்ணாடி உடைந்து சிதறாமல் ஒட்டும் படலம், காவலாளி எல்லாவற்றுக்கும் கேட்கலாம். 2023-ல் ஓரிடத்துக்கு 1,50,000 டாலர் வரை, நாடு முழுக்க 30.5 கோடி.

இதில் விண்ணப்பம் நேராக மத்திய அரசுக்குப் போகாது. மாநிலத்தின் பொறுப்பு அலுவலகம் வாங்கி, மதிப்பெண் போட்டு, மேலே அனுப்பும். மாநிலம் வைக்கும் கடைசித் தேதி மத்திய தேதிக்கு முன்னால் வரும், சில சமயம் வாரக்கணக்கில். நாங்கள் முதல் தடவை மத்திய தேதியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து கோட்டை விட்டோம். எனக்குத் தெரிந்த இன்னொரு கமிட்டி அதைவிடப் பெரிய தப்பு செய்தது: “கிடைத்துவிடும்” என்று யாரோ சொன்ன வார்த்தையை நம்பி, ஆணை வருவதற்கு முன்பே கேமரா வாங்கி மாட்டிவிட்டார்கள். ஆணைத் தேதிக்கு முந்தைய ரசீது செல்லாது. உபயதாரர் ஒருவரைப் பிடித்துச் சமாளித்தார்கள்.

தமிழ்ச் சங்கம், தமிழ்ப் பள்ளி விஷயத்தில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. 501-சி-3 என்ற வரிவிலக்கு நிலையில் இருந்தாலும் அவை வழிபாட்டுத் தலங்கள் அல்ல, அதனால் வருடாவருடம் வருமான வரித் துறைக்கு 990 படிவம் அனுப்ப வேண்டும். வருமானம் 50,000 டாலருக்குள் என்றால் ஆன்லைனில் பத்து நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து 3 வருடம் அனுப்பாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்து. தலைவரும் பொருளாளரும் தீபாவளிக்கு தீபாவளி மாறும் சங்கங்களில் இது எப்படி நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் அமைப்பு ரொம்பச் சின்னது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மத்திய அரசின் சாம் இணையதளத்தில் பதிவு செய்து 12 எழுத்து அடையாள எண் வாங்குங்கள். இலவசம். காசு கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது தரகர். பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் பதிவுப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். “ஸ்ரீ” ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போனால் வாரக்கணக்கில் இழுக்கும்.

நேரடி கிராண்டுக்கு முதல் வருடமே பாயாமல், ஏற்கெனவே கிராண்ட் வாங்கும் பெரிய அமைப்பின் கீழ் ஒரு சின்னப் பகுதியை எடுத்துச் செய்யுங்கள். அவர்கள் கேட்கும் படிவங்களை நிரப்பிக் கை பழகும். பட்ஜெட் போடும்போது வாடகை, கரண்ட், கணக்கர் சம்பளம் என்று மறைமுகச் செலவைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். தனியாகப் பேரம் பேசாத அமைப்புக்கும் 10 சதவீதம் வரை இருந்ததை 2024 அக்டோபரில் 15 ஆக்கியிருக்கிறார்கள். மத்தியப் பணம் வருடத்துக்கு 7,50,000 டாலர் செலவழித்தால் முழு ஆடிட் என்று இருந்த வரம்பும் 10 லட்சமாகியிருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கவலையே வராது.

வேட்பாளருக்கு ஆதரவு, எதிர்ப்பு எதிலும் அமைப்பின் பெயரை இழுக்காதீர்கள். 1954-லிருந்து இருக்கும் தடை அது.

மாநிலத் தொடர்பு அலுவலருக்கு போன் செய்தால் என்ன கேட்பது?

“எங்களுக்கு ஏதாவது கிராண்ட் இருக்கிறதா” என்று மட்டும் கேட்காதீர்கள். பொதுவான மின்னஞ்சல் பட்டியலில் சேர்த்துவிட்டு போனை வைத்துவிடுவார். எங்கள் ஊரில் இத்தனை முதியவர்களுக்கு வாரம் இரண்டு நாள் சாப்பாடு கொடுக்கிறோம், இதற்குப் பொருந்தும் துறை எது, அங்கே யாரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். போன வருடம் இதே திட்டத்தில் தேர்வான விண்ணப்பம் ஒன்றைப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். பல மாநிலங்களில் அது பொது ஆவணம், கேட்டால் கொடுப்பார்கள். பணம் முன்கூட்டி வருமா, செலவு செய்த பின்பா? பின்பு என்றால் பில் அனுப்பி எத்தனை நாளில் வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு “சாதாரணமாக 30 நாள்” என்று சொல்வார். அறுபது நாளுக்குச் சம்பளம் போடப் பணம் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.